மருத்துவ ஆய்வுக்கு நன்கொடை: மருந்து யார் கைக்கு எட்டும் என்பதை முடிவு செய்யும் நிபந்தனைகள்

மருத்துவச் செலவுக்கு என்று கேட்டு வருபவரை நம் ஊர்களில் வெறுங்கையோடு அனுப்புவது அரிது. ஜும்ஆ முடிந்ததும் பள்ளிவாசல் வாசலில் துண்டு விரிக்கிறோம். சிறுநீரக மாற்றுச் சிகிச்சைக்கு என்று வாட்ஸ்அப்பில் ஒரு வங்கிக் கணக்கு எண் வந்தால், வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் பிள்ளைகள் அன்றிரவே அனுப்பிவிடுகிறார்கள். கொடுத்த பணம் மருத்துவமனை ரசீதாக மாறுவதை நம்மால் பார்க்க முடிகிறது.

அண்மைக் காலமாக இன்னொரு வகை வேண்டுகோளும் வருகிறது. புற்றுநோய் ஆய்வுக்கு, அரிய மரபணு நோய்களுக்கு மருந்து கண்டுபிடிக்க, தடுப்பூசி உருவாக்க என்று அறக்கட்டளைகள் நன்கொடை கேட்கின்றன. இதில் ரசீது உடனே வராது. பத்துப் பதினைந்து ஆண்டுகள் ஆகலாம். எதுவும் கிடைக்காமலும் போகலாம். கிடைத்துவிட்டால் ஒரு கேள்வி எழும்: அந்த மருந்து யாருக்குச் சொந்தம்? அதன் விலையை யார் வைப்பார்கள்?

நன்கொடையாளர்களின் பணத்தில் தொடங்கிய இரண்டு ஆய்வுகளைப் பாருங்கள். ஒன்றில் பிறந்த மாத்திரை, ஒரு நோயாளிக்கு ஆண்டுக்கு ஏறக்குறைய 3 லட்சம் டாலர் விலையில் விற்பனைக்கு வந்தது. மற்றொன்றில் பிறந்த தடுப்பூசி, ஒரு தவணை அரை டாலருக்கும் குறைவான விலையில் வந்தது. நோயும் தயாரிப்பு முறையும் வேறு என்பதால் இரண்டும் ஒரே விலைக்கு வந்திருக்க முடியாதுதான். ஆனால் பணம் கொடுத்த நாளில் ஒப்பந்தத்தில் என்ன எழுதப்பட்டது என்பதிலும் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு உண்டு. அந்த நிபந்தனைகளைப் பற்றியதுதான் இந்தக் கட்டுரை.

நிபந்தனையோடு கொடுப்பது நமக்குப் புதிதல்ல

கைபரில் தமக்குக் கிடைத்த நிலத்தை என்ன செய்வது என்று உமர் (ரலி) அவர்கள் நபி (ஸல்) அவர்களிடம் ஆலோசனை கேட்ட செய்தி புகாரி, முஸ்லிம் ஆகிய நூல்களில் இடம்பெற்றுள்ளது. நிலத்தை அப்படியே நிறுத்தி வைத்து, அதன் விளைச்சலைத் தர்மம் செய்யும்படி நபியவர்கள் வழிகாட்டினார்கள். உமர் (ரலி) அதை நிபந்தனைகளோடு வக்ஃபு செய்தார்கள். நிலத்தை விற்கக் கூடாது, அன்பளிப்பாகக் கொடுக்கக் கூடாது, வாரிசுகள் பங்கிடக் கூடாது. பயன் ஏழைகளுக்கும் உறவினர்களுக்கும் அடிமைகளை விடுவிக்கவும் வழிப்போக்கர்களுக்கும் விருந்தினர்களுக்கும் போக வேண்டும். நிர்வகிப்பவர் தம் தேவைக்கு நியாயமான அளவு எடுத்துக்கொள்ளலாம், ஆனால் அதைக் கொண்டு சொத்துச் சேர்க்கக் கூடாது.

இன்றைய பெரிய அறக்கட்டளைகளின் நிதி ஒப்பந்தங்கள் பேசும் விஷயங்கள் இதிலேயே அடங்கியுள்ளன. சொத்து யாருடையது, பயன் யாருக்கு, நிர்வாகச் செலவு எவ்வளவு, எதைச் செய்யக் கூடாது. இந்த நான்கையும் தெளிவாக வைத்ததால்தான் வக்ஃபு தலைமுறை கடந்து நின்றது.

மருத்துவத்துக்கும் இந்த முறை பயன்பட்டது. கெய்ரோவில் சுல்தான் கலாவூன் 1284இல் கட்டிய மன்சூரி மருத்துவமனை வக்ஃபு வருமானத்தில் நடந்தது. ஆண், பெண், செல்வர், ஏழை, உள்ளூரார், வெளியூரார் என்ற வேறுபாடின்றிக் குணமாகும் வரை சிகிச்சை தர வேண்டும் என்று அதன் வக்ஃபு பத்திரம் வகுத்தது. இதயத்திலிருந்து நுரையீரலுக்கு இரத்தம் சென்று திரும்பும் பாதையை விளக்கிய இப்னு நஃபீஸ், 1288இல் இறப்பதற்கு முன் தம் வீட்டையும் நூலகத்தையும் இந்த மருத்துவமனைக்கே எழுதி வைத்தார்.

பத்து சென்ட் நாணயங்களும் போலியோவும்

பொதுமக்கள் காசு சேர்த்து மருத்துவ ஆய்வு நடத்திய வரலாற்றில் மிகவும் புகழ்பெற்றது அமெரிக்காவின் போலியோ இயக்கம். 39 வயதில் அந்த நோய் தாக்கிக் கால்கள் செயலிழந்த அதிபர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் 1938இல் தேசிய அறக்கட்டளை ஒன்றை நிறுவினார். 'டைம்' எனப்படும் பத்து சென்ட் நாணயத்தை வெள்ளை மாளிகைக்கு அனுப்புங்கள் என்ற அழைப்புக்கு 26 லட்சத்துக்கும் மேற்பட்ட நாணயங்கள் வந்து குவிந்தன. 'மார்ச் ஆஃப் டைம்ஸ்' என்ற பெயர் நிலைத்தது.

அந்தப் பணத்தில்தான் ஜோனஸ் சால்க் தடுப்பூசியை உருவாக்கினார். 1954இல் ஏறக்குறைய 18 லட்சம் குழந்தைகள் பங்கேற்ற சோதனை நடந்தது. 1955 ஏப்ரல் 12 அன்று தடுப்பூசி பலன் தருகிறது என்று அறிவிக்கப்பட்டது. முடிவு தெரியும் முன்பே தடுப்பூசியை வாங்குவதற்கு அறக்கட்டளை 90 லட்சம் டாலர் ஒதுக்கியிருந்தது. அதனால் அறிவிப்பு வந்தவுடன் விநியோகம் தொடங்க முடிந்தது.

இதன் காப்புரிமை யாரிடம் என்று தொலைக்காட்சிப் பேட்டியில் கேட்கப்பட்டபோது, அது மக்களுடையது, சூரியனுக்கு யாராவது காப்புரிமை வாங்க முடியுமா என்ற பொருளில் சால்க் பதில் சொன்னார். அந்தப் பதிலை உலகம் இன்றும் நினைவில் வைத்திருக்கிறது. ஆனால் அதற்கு முன்பே அறக்கட்டளையின் வழக்கறிஞர்கள் காப்புரிமை பெற முடியுமா என்று ஆராய்ந்து, சட்டப்படி கிடைக்காது என்ற முடிவுக்கு வந்திருந்தார்கள். அதாவது தடுப்பூசி பொதுச் சொத்தானதற்கு நல்ல மனம் மட்டும் காரணமல்ல, அன்றைய சட்டநிலையும் காரணம். காப்புரிமை எளிதாகக் கிடைக்கும் இன்றைய காலத்தில் நல்ல மனத்தை நம்பி மட்டும் விட்டுவிட முடியாது. எழுதி வைக்க வேண்டியிருக்கிறது.

பெற்றோர் சேர்த்த பணம், 3 லட்சம் டாலர் மருந்து

'சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ்' ஒரு மரபணு நோய். நுரையீரலிலும் கணையத்திலும் கெட்டியான சளி அடைத்துக்கொள்ளும். தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால்தான் குழந்தைக்கு நோய் வரும். நெருங்கிய உறவுக்குள் திருமணம் செய்யும் குடும்பங்களில் இத்தகைய நோய்களின் வாய்ப்பு கூடுதல் என்பதை நாமும் கவனத்தில் கொள்ள வேண்டும்.

அமெரிக்காவில் இந்நோயுள்ள குழந்தைகளின் பெற்றோர் 1955இல் ஓர் அறக்கட்டளை தொடங்கினார்கள். நோயாளிகள் எண்ணிக்கை குறைவு என்பதால் மருந்து நிறுவனங்கள் ஆர்வம் காட்டவில்லை. 2000ஆம் ஆண்டில் அறக்கட்டளை துணிந்து ஒரு முடிவெடுத்தது. நன்கொடைப் பணத்தை நேரடியாக ஒரு தனியார் நிறுவனத்துக்கே ஆய்வுக்காகக் கொடுத்தது. அந்த நிறுவனத்தை 2001இல் வெர்டெக்ஸ் வாங்கியது. மொத்தம் சுமார் 15 கோடி டாலர் போனது. பதிலுக்கு, மருந்து விற்றால் விற்பனையில் ஒரு பங்கு அறக்கட்டளைக்கு என்று ஒப்பந்தமானது.

2012 ஜனவரியில் 'கலைடெகோ' என்ற மருந்துக்கு அமெரிக்க அரசு அனுமதி கொடுத்தது. நோயின் அறிகுறிகளை மட்டும் அல்லாமல் அதன் அடிப்படைக் கோளாறையே சரிசெய்யும் முதல் மருந்து அது. விலை ஆண்டுக்கு 2,94,000 டாலர். 2014 நவம்பரில் அறக்கட்டளை தன் விற்பனைப் பங்கு உரிமையை 330 கோடி டாலருக்கு விற்றது. 2019இல் வந்த அடுத்த மருந்தான 'டிரிகாஃப்டா' ஆண்டுக்கு 3 லட்சம் டாலரைத் தாண்டியது.

அறக்கட்டளையின் பக்கமும் நியாயம் உண்டு. அந்தப் பணம் போகாவிட்டால் மருந்தே வந்திருக்காது என்று அவர்கள் சொல்வதை எளிதில் மறுக்க முடியாது. கிடைத்த 330 கோடியும் மறுபடி ஆய்வுக்கும் நோயாளிகளுக்கும் என்றே ஒதுக்கப்பட்டது. பணக்கார நாடுகளில் காப்பீடு உள்ளவர்கள் இந்த மருந்தால் நீண்ட வாழ்வு பெற்றார்கள்.

ஆனால் ஒப்பந்தத்தால் விற்பனையில் பங்கு கேட்க முடிந்ததே தவிர, விலையைக் கட்டுப்படுத்தும் அதிகாரம் அறக்கட்டளையிடம் இல்லை. ஏழை நாடுகளின் குழந்தைகளுக்கு இந்த மருந்து எப்படிக் கிடைக்கும் என்ற கேள்வி பின்னால்தான் வந்தது. இந்தியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் பெற்றோர்களும் நோயாளிகளும் காப்புரிமையை எதிர்த்துச் சட்டத்தின் கதவைத் தட்ட வேண்டியதாயிற்று. விலை உயர்ந்தால் அறக்கட்டளையின் பங்கும் உயரும் என்ற நிலை, நோயாளிகளுக்காக வாதாட வேண்டிய அமைப்பைத் தர்மசங்கடத்தில் நிறுத்தியது.

விலையை முதலில் எழுதிய தடுப்பூசி

ஆப்பிரிக்காவில் செனகல் முதல் எத்தியோப்பியா வரை நீளும் நிலப்பரப்பை 'மூளைக்காய்ச்சல் பட்டை' என்பார்கள். நைஜர், மாலி, சாட், சூடான் என்று நம் சகோதரர்கள் பெரும்பான்மையாக வாழும் நாடுகள் பல அதில் உள்ளன. வறண்ட காற்று வீசும் மாதங்களில் 'ஏ' வகை மெனிங்ஜைட்டிஸ் அங்கே அலை அலையாக வரும். 1996, 97இல் வந்த கொள்ளைநோயில் இரண்டரை லட்சம் பேர் பாதிக்கப்பட்டு, 25,000 பேர் இறந்தார்கள். பிழைத்தவர்களில் பலர் செவித்திறன் இழந்தார்கள்.

இந்த நோய் ஹஜ் பயணிகளுக்கும் அந்நியமல்ல. 1987 ஹஜ்ஜின்போது 'ஏ' வகையும், 2000இல் 'டபிள்யூ' வகையும் பரவின. ஹஜ்ஜுக்குப் போகும் நம் பெரியவர்கள் புறப்படும் முன் போட்டுக்கொள்ளும் மெனிங்ஜைட்டிஸ் ஊசி அந்த அனுபவத்தின் விளைவு.

நீண்ட காலம் பாதுகாப்பு தரும் தடுப்பூசியை ஆப்பிரிக்காவுக்கென்று உருவாக்கப் பெரிய நிறுவனங்கள் முன்வரவில்லை. வாங்குபவர்களிடம் பணம் இல்லை என்பதே காரணம். 2001இல் கேட்ஸ் அறக்கட்டளை 7 கோடி டாலர் கொடுத்தது. உலக சுகாதார நிறுவனமும் 'பாத்' என்ற தொண்டு நிறுவனமும் சேர்ந்து மெனிங்ஜைட்டிஸ் தடுப்பூசித் திட்டத்தைத் தொடங்கின. மார்க் லாஃபோர்ஸ் என்ற மருத்துவர் அதை வழிநடத்தினார்.

ஆய்வகத்துக்குள் நுழையும் முன் அவர்கள் ஆப்பிரிக்க நாடுகளின் சுகாதார அதிகாரிகளிடம் போய், எவ்வளவு விலை கொடுக்க முடியும் என்று கேட்டார்கள். ஒரு தவணை அரை டாலருக்கு மேல் போனால் எங்களால் வாங்க முடியாது, வாங்க முடியாத தடுப்பூசி எங்களுக்கு வேண்டாம் என்பதுதான் கிடைத்த பதில். அந்த விலையே திட்டத்தின் முதல் நிபந்தனை ஆனது.

அதற்குப் பிறகு நடந்தவை ஒன்றோடொன்று பொருந்தின. அமெரிக்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் ஆய்வகத்தில் உருவான தயாரிப்பு நுட்பம் திட்டத்துக்குக் கிடைத்தது. புனேயில் உள்ள சீரம் இன்ஸ்டிடியூட் உற்பத்தியை ஏற்றுக்கொண்டது. நுட்பத்தை நாங்கள் தருகிறோம், சோதனைச் செலவில் கைகொடுக்கிறோம், நீங்கள் அரை டாலருக்குக் கீழே பொதுத்துறைக்கு விற்க வேண்டும் என்பதே உடன்பாட்டின் சாரம். ஆய்வுச் செலவின் பெரும் பகுதியை நன்கொடை சுமந்ததால், அதை விலையில் ஏற்றி மீட்க வேண்டிய கட்டாயம் தயாரிப்பாளருக்கு இல்லை. கோடிக்கணக்கான தவணைகள் விற்கும் என்பதால் குறைந்த விலையிலும் நட்டம் வராது.

2010 டிசம்பர் 6 அன்று புர்கினா ஃபாசோவில் 'மென்ஆஃப்ரிவாக்' போடத் தொடங்கினார்கள். பத்து நாட்களில் ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் போட்டுக்கொண்டார்கள். பின்னர் பட்டை நாடுகளில் 30 கோடிக்கும் மேற்பட்டோருக்குப் போய்ச் சேர்ந்தது. 2017க்குப் பிறகு அப்பகுதியில் 'ஏ' வகை நோய் பதிவாகவில்லை. மற்ற வகைகள் இன்னும் இருப்பதால், ஐந்து வகைகளைத் தடுக்கும் புதிய தடுப்பூசியும் இதே கூட்டணியில் உருவாகி 2024இல் நைஜீரியாவில் போடப்பட்டது.

விலையைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தால் இந்தத் தடுப்பூசியும் பட்டியலில் மட்டும் இருந்திருக்கும்.

வேலூர் குழந்தைகள் பங்கேற்ற சோதனை

இதே வகையில் நம் மாநிலத்துக்கு நெருக்கமான ஓர் உதாரணம், குழந்தைகளுக்குக் கடும் வயிற்றுப்போக்கு உண்டாக்கும் ரோட்டா வைரஸுக்கான சொட்டு மருந்து. டெல்லி எய்ம்ஸில் பிறந்த குழந்தைகளிடம் கண்டறியப்பட்ட வைரஸ் வகையைக் கொண்டு, ஹைதராபாத் பாரத் பயோடெக் நிறுவனம் 'ரோட்டாவாக்' மருந்தை உருவாக்கியது. இந்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறை, கேட்ஸ் அறக்கட்டளை, பாத் எனப் பலரும் துணை நின்றார்கள். ஒரு தவணை 1 டாலருக்குக் கொடுப்போம் என்று நிறுவனம் உறுதியளித்தது.

டெல்லி, புனே, வேலூர் ஆகிய மூன்று இடங்களில் 6,799 குழந்தைகளிடம் சோதனை நடந்தது. 2013இல் முடிவு வந்தது. குழந்தையின் முதல் ஆண்டில் கடுமையான ரோட்டா வயிற்றுப்போக்கை ஏறக்குறைய 56 சதவீதம் தடுத்தது. 2016இல் தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் சேர்ந்தது. 2017இல் தமிழ்நாட்டிலும் ரோட்டா வைரஸ் சொட்டு மருந்து தொடங்கியது. இன்று அரசு மருத்துவமனையில் நம் பேரக்குழந்தைகளுக்கு அது இலவசமாகக் கிடைக்கிறது.

சோதனைக்குத் தம் குழந்தைகளைக் கொண்டுவந்தவர்கள் சாதாரணக் குடும்பத்துப் பெற்றோர். சோதனையில் பங்கேற்ற மக்களுக்கே மருந்து எட்டாமல் போவது அநீதி. அதைத் தடுப்பதும் இத்தகைய நிபந்தனையின் நோக்கம்.

முடிவை மறைக்காதே என்ற நிபந்தனை

விலைக்கு அடுத்தபடியாக முக்கியமானது, கண்டுபிடித்ததை எல்லோருக்கும் சொல்வது. 1936இல் மறைந்த ஹென்றி வெல்கம் என்ற மருந்து வணிகரின் உயிலால் பிரிட்டனில் வெல்கம் அறக்கட்டளை உருவானது. மனித மரபணுத் திட்டத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வேலை, அந்த அறக்கட்டளையின் பணத்தில் கேம்பிரிட்ஜ் அருகே நடந்தது. 1996 பிப்ரவரியில் பெர்முடாவில் கூடிய விஞ்ஞானிகள், படித்தறிந்த மரபணு வரிசையை 24 மணி நேரத்துக்குள் உலகுக்குத் திறந்துவிட வேண்டும் என்று முடிவு செய்தார்கள். அதனால் ஒரு தனியார் நிறுவனம் போட்டியில் இறங்கிய பிறகும் மனித மரபணு வரிசை யாருடைய தனிச்சொத்தாகவும் ஆகவில்லை.

2005 முதல், தன் நிதியில் நடந்த ஆய்வின் கட்டுரை ஆறு மாதத்துக்குள் எவரும் இலவசமாகப் படிக்கும்படி வைக்கப்பட வேண்டும் என்று வெல்கம் நிபந்தனை விதித்தது. 2021 முதல் அந்த ஆறு மாத அவகாசமும் நீங்கியது. கேட்ஸ் அறக்கட்டளையும் 2015இல் இதே வழிக்கு வந்தது. சந்தா கட்ட வசதியில்லாத ஒரு மாவட்ட மருத்துவமனை மருத்துவரும் அந்தக் கட்டுரையைப் படிக்க முடிவது இதனால்தான்.

சாதகமான முடிவுகளை மட்டும் வெளியிட்டு, பலன் தராத சோதனைகளை அலமாரியில் பூட்டி வைக்கும் வழக்கமும் உண்டு. 2017 மே மாதம் உலக சுகாதார நிறுவனத்தின் முயற்சியில், நிதி தரும் பல அமைப்புகள் ஒரு கூட்டறிக்கையில் இணைந்தன. ஒவ்வொரு சோதனையும் தொடங்கும் முன் பதிவு செய்யப்பட வேண்டும், முடிவு எதுவானாலும் குறித்த காலத்துக்குள் வெளியிடப்பட வேண்டும் என்பதே அதன் உள்ளடக்கம். நம் ஐ.சி.எம்.ஆரும் அதில் கையெழுத்திட்டது. இந்தியாவில் மருந்துச் சோதனைகளைச் சி.டி.ஆர்.ஐ. என்ற பதிவேட்டில் பதிவது 2009 ஜூன் முதல் கட்டாயம். அதன் இணையதளத்தை யார் வேண்டுமானாலும் கட்டணமின்றிப் பார்க்கலாம்.

கொடுப்பவர் விதிக்கக் கூடாத நிபந்தனை

எதற்காக ஆராய வேண்டும், யாருக்குப் பயன்பட வேண்டும் என்று சொல்லும் உரிமை நன்கொடையாளருக்கு உண்டு. என்ன முடிவு வர வேண்டும் என்று சொல்லும் உரிமை கிடையாது. அது ஆய்வை விலைக்கு வாங்குவதாகும்.

1960களில் அமெரிக்கச் சர்க்கரைத் துறையின் 'சர்க்கரை ஆய்வு அறக்கட்டளை' ஹார்வர்டு விஞ்ஞானிகளுக்கு 6,500 டாலர் கொடுத்து ஒரு கட்டுரை எழுத வைத்தது. இதய நோய்க்குச் சர்க்கரையின் பங்கைக் குறைத்துக் காட்டி, கொழுப்பின் மீது பழி போட்ட அந்தக் கட்டுரை 1967இல் ஒரு முன்னணி மருத்துவ இதழில் வந்தது. யார் பணம் கொடுத்தார்கள் என்று அதில் இல்லை. பழைய கடிதங்களை ஆராய்ந்தவர்கள் 2016இல் உண்மையை வெளிக்கொண்டு வந்தார்கள். இதற்கிடையே போனது ஐம்பது ஆண்டுகள்.

புகையிலை நிறுவனங்களும் 1954இல் ஓர் ஆய்வுக் குழுவை அமைத்து, புகைபிடித்தலுக்கும் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பைச் சந்தேகத்துக்குரியதாகக் காட்டிவந்தன. 2017இல் ஒரு புகையிலை நிறுவனத்தின் பணத்தில் 'புகையற்ற உலகம்' என்ற பெயரிலேயே அறக்கட்டளை தொடங்கப்பட்டபோது, அதனுடன் கைகோக்க வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் அரசுகளை எச்சரித்தது. 'அறக்கட்டளை', 'ஆய்வு' என்ற சொற்களைப் பெயரில் பார்த்ததும் நம்பிவிடக் கூடாது என்பதற்கு இவை போதும்.

நிபந்தனை இறுகினாலும் சிக்கல்தான்

ஒரே நோய்க்கு, ஒரே கருவிக்கு, ஒரே கட்டடத்துக்கு என்று இறுக்கிக் கட்டிய நன்கொடைகள் காலம் மாறும்போது பயனற்றுப் போகின்றன. போலியோவுக்காகத் தொடங்கிய அமெரிக்க அறக்கட்டளை, தடுப்பூசி வந்த பிறகு 1958இல் தன் நோக்கத்தைப் பிறவிக் குறைபாடுகளுக்கு மாற்றிக்கொண்டது. அப்படி மாற வழியில்லாமல் இருந்திருந்தால் நிதி முடங்கியிருக்கும். பயன் தராத வக்ஃபு சொத்தை நிபந்தனையோடு வேறொன்றாக மாற்றுவதைப் பற்றி நம் ஃபிக்ஹு அறிஞர்கள் விரிவாகப் பேசியிருப்பதும் இதே சிக்கலுக்காகத்தான்.

நிர்வாகச் செலவிலும் நடுநிலை வேண்டும். 'என் பணத்தில் ஒரு ரூபாய்கூட அலுவலகச் செலவுக்குப் போகக் கூடாது' என்று சிலர் சொல்வதுண்டு. கணக்கு எழுதுபவர், தரவைப் பாதுகாப்பவர், ஆய்வகத்தின் மின்கட்டணம் இவையில்லாமல் ஆய்வு நடக்காது. உமர் (ரலி) அவர்களின் வக்ஃபிலேயே பொறுப்பாளருக்கு நியாயமான பங்கு இருந்தது. வரம்பு இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

நம் குடும்பங்கள் கவனிக்க வேண்டியவை

வெளிநாட்டுப் பணம்: இந்தியாவில் வெளிநாட்டு நன்கொடை பெறும் அமைப்பு எஃப்.சி.ஆர்.ஏ. சட்டப்படி பதிவு பெற்றிருக்க வேண்டும். பெற்ற நோக்கத்துக்கே செலவிட வேண்டும். 2020 திருத்தத்தின்படி நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, இன்னொரு அமைப்புக்குக் கைமாற்றவும் கூடாது. வளைகுடாவில் வேலை பார்க்கும் இந்தியக் குடியுரிமை உள்ளவர் தம் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்புவது வெளிநாட்டு நன்கொடையாகக் கருதப்படாது. சிங்கப்பூர், மலேசியா போன்ற நாடுகளின் குடியுரிமை பெற்றுவிட்ட உறவினர் அனுப்பினால் கருதப்படும். குடும்பமாகச் சேர்ந்து கொடுக்கும்போது இந்த வேறுபாட்டை மறக்க வேண்டாம்.

ஜகாத்: ஜகாத்துக்குரிய எட்டுப் பிரிவினரைக் குர்ஆன் வரையறுத்துள்ளது. உரியவரின் கையில் உடைமையாகப் போய்ச் சேர வேண்டும் என்று பல அறிஞர்கள் கூறுவதால், ஆய்வுக்கு ஜகாத் கொடுப்பதை அவர்கள் ஏற்பதில்லை. விரிவான பொருள் கொள்ளும் அறிஞர்களும் இருக்கிறார்கள். உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டு முடிவெடுங்கள். ஸதகாவுக்கும் வக்ஃபுக்கும் இந்தச் சிக்கல் இல்லை.

கொடுக்கும் முன் கேட்க வேண்டிய கேள்விகள்:

1. இந்தப் பணம் எந்த ஆய்வுக்கு, எந்த நிறுவனத்துக்குப் போகிறது? தனியார் நிறுவனத்துக்குப் போனால் ஒப்பந்தத்தில் என்ன இருக்கிறது?
2. மருந்தோ பரிசோதனை முறையோ கிடைத்தால் காப்புரிமை யாருக்கு? ஏழைகளுக்கும் ஏழை நாடுகளுக்கும் எட்டும் விலை பற்றி எழுத்தில் ஏதாவது உண்டா?
3. முடிவுகள், பலன் தராதவை உட்பட, எப்போது வெளியிடப்படும்? எவரும் இலவசமாகப் படிக்கலாமா?
4. மனிதர்களிடம் சோதனை நடந்தால், சி.டி.ஆர்.ஐ. பதிவு எண் என்ன? நெறிமுறைக் குழுவின் அனுமதி உண்டா? பங்கேற்பவரின் மொழியில் விளக்கி ஒப்புதல் வாங்குகிறார்களா?
5. வேறு யார் பணம் கொடுக்கிறார்கள்? ஆய்வின் முடிவால் லாபம் அடையும் நிறுவனம் அதில் இருக்கிறதா?
6. நிர்வாகச் செலவு எத்தனை சதவீதம்? தணிக்கை அறிக்கை கிடைக்குமா?
7. ஆய்வு பாதியில் நின்றால் மீதிப் பணம் என்ன ஆகும்?

ஆயிரம் ரூபாய் கொடுக்கும் ஒருவர் ஒப்பந்தத்தை மாற்றி எழுத முடியாது என்று தோன்றலாம். தனியாக முடியாதுதான். ஆனால் ஒரு ஜமாஅத்தின் பைத்துல்மால், ஓர் ஊர் நலச் சங்கம், பழைய மாணவர் பேரவை இவை கூட்டாகக் கேட்கும்போது பதில் சொல்லியாக வேண்டும். பதில் சொல்ல மறுக்கும் அமைப்புக்குக் கொடுக்காமல் விட்டாலும் நம் பணம் வீணாகாது, அதற்குக் காத்திருக்கும் நோயாளிகள் நம் ஊரிலேயே உண்டு.

மனிதன் இறந்த பின்னும் நன்மை தொடரும் வழிகளில் நிலையான தர்மமும் பயன்தரும் கல்வியும் உண்டு என்று நபி (ஸல்) அவர்கள் நமக்குக் கற்றுத் தந்திருக்கிறார்கள். மருத்துவ ஆய்வுக்குக் கொடுப்பதில் இந்த இரண்டுமே அடங்கும். அந்த நன்மை மருந்துக் கடையின் கண்ணாடிக்கு அந்தப்புறமே நின்றுவிடாமல் ஏழையின் கைக்கு வந்து சேர வேண்டுமானால், கொடுக்கும் நாளிலேயே அதைக் கேட்டு எழுதி வாங்குவோம். அல்லாஹ் மிக அறிந்தவன்.